பின்கியரில் மாடம்பாக்கம்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கண்ணில் படத் தொடங்கிய இடத்தில் முன்சக்கரப் பக்கமிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. பூவராகன் வண்டியை ஓரங்கட்டினான்.

"நின்னுடுச்சா?" என்றாள் சரளா.

"நிக்கல. நான்தான் நிறுத்தினேன்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

பெரிய வித்தியாசம் இருந்தது. வழியில் நிற்காமல் கோவளம் போய்த் திரும்பினால் கார் அவர்களிடமே இருக்கும். நின்றுவிட்டால் சம்பத்துக்கு விற்றுவிட வேண்டும். கணவனும் மனைவியும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். சம்பத், வெளிநாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிப் பிடித்து, சேகரிப்பவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறவர். மாடம்பாக்கத்துக்கு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

1948-இல் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, கம்பிச் சக்கரங்கள். எண்பத்தாறில் ஒரு தேயிலை எஸ்டேட் கொட்டகையிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது அதன் தரைப்பலகையில் செடி முளைத்திருந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பூவராகன் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்தான். இப்போது தொண்ணூற்று மூன்று. வண்டிக்கு மரச்சட்டம் புதிது, பெயிண்ட் புதிது. அவனுக்கு இடுப்பு வலி புதிது. தெருவைத் தாண்டி அது ஓடுவது இன்றைக்குத்தான்.

இறங்கிப் பார்த்தான். இந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். அதற்கு இரண்டு காது உண்டு. காதில் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். வலது முன்சக்கரத்தின் நட்டு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. தட்டி இறுக்கிவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் 'டிக், டிக்'. இந்த முறை நான்கு நட்டுகளையும் சோதித்தான். நான்கும் தளர்ந்திருந்தன.

ஒன்று தளர்ந்தால் கைப்பிழை. நான்கும் தளர்ந்தால் காரணம் வேறு. பூவராகன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னன்னு சொல்லுங்களேன்."

"உன் வளையலைக் கழட்டு. அந்த ஸ்டிக்கர் பொட்டையும் கொடு."

"நடுரோட்டுலயா? நல்லா இருக்குங்க."

சுத்தியல் பிடியில் வளையலைத் தொங்கவிட்டு, அதன் உச்சியில் பொட்டை ஒட்டினான். பிடியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழற்றினான். வளையலும் கூடவே உருண்டது; ஆனால் பொட்டு கீழே வந்து நின்றுவிட்டது, உச்சிக்குத் திரும்பவில்லை.

"பிடி சின்னது, வளையல் பெருசு. அதான் பின்தங்குது. நட்டும் சக்கரத்தோட மூக்குல மாட்டின வளையல் மாதிரிதான், மயிரிழை பெருசு. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சூண்டு பின்தங்கும். அப்படிப் பின்தங்கறதே அதை இறுக்கற மாதிரி மரை வெட்டியிருக்கான். இடது பக்கத்துக்கு ஒரு மரை, வலது பக்கத்துக்கு அதுக்கு எதிர் மரை. வண்டி ஓட ஓட இறுகணும்."

"இது ஓட ஓடக் கழலுதே."

"சக்கரம் மாட்டற, அந்த மரை இருக்கற ஹப்பு எல்லாம் பக்கம் மாறிடுச்சு. இடது ஜோடி வலதுல இருக்கு, வலது ஜோடி இடதுல இருக்கு. கழட்டி ரெண்டு தொட்டியில மண்ணெண்ணெய் ஊத்திப் போட்டிருந்தேன். இடது பக்கம் வெச்ச தொட்டி இடதுன்னு கணக்கு. மழையில ஷெட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப..."

"தூக்கி மேல வெச்சது நான்தான். உங்க இடுப்புக்காகத் தூக்கினேன். எது எந்தப் பக்கம்னு அந்தத் தொட்டி எனக்குச் சொல்லுச்சா? எழுதி ஒட்டியிருக்கலாம்ல?"

"ஒட்டியிருக்கலாம்."

அதற்கு மேல் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை.

"நடு நடுவுல நிறுத்தித் தட்டிக்கிட்டே கோவளம் போயிடலாம்," என்றான்.

"உங்க இடுப்பு தாங்காது. திரும்பிடலாம்ங்க." அவள் சுத்தியல் பிடியை வாங்கி எதிர்ப்பக்கம் சுழற்றிப் பார்த்தாள். "ஏங்க, பின்னாடி ஓட்டினா இறுகுமா?"

பூவராகன் வளையலையே பார்த்தான். "இறுகும்," என்றான்.

நட்டுகளைத் தட்டிவிட்டுப் பின்கியரைப் போட்டான். கியர் ஒரே சுருதியில் ஊளையிட்டது. கழுத்தைத் திருப்பியபடி அவன் ஓட்ட, சரளா இருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்த்து வழி சொன்னாள். மேடவாக்கம் பஸ் நிறுத்தத்தில் மீன் கூடையோடு நின்ற கங்கம்மா என்ற பெண் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"இன்னா சார், வண்டி பின்னாலயே போய்கினு கீது? மூஞ்சிய மாத்தி வச்சிட்டாங்களா?"

"வூட்டுல இன்னாவோ மறந்துட்டாரு போல, கங்கம்மாக்கா," என்றான் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன்.

"மறந்தது ஒண்ணுமில்ல, பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுதான் போறாரு!" என்று சரளா கத்தினாள். கத்திவிட்டு அவளே சிரித்தாள். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியும் அந்தச் சிரிப்பு விட்டுவிட்டு வந்தது. "இடது, இடது... மாடு வருது... போங்க, போங்க!" என்றாள். இந்த வண்டியைப் பற்றி இவ்வளவு உற்சாகமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

மாடம்பாக்கம் ஷெட்டில் நிறுத்தியதும் நட்டைத் தட்டிப் பார்த்தான். கல் மாதிரி இறுகியிருந்தது.

"அடுத்த மாசம் சரி பண்ணிட்டுக் கோவளம் போலாம்ங்க," என்றாள் சரளா. "சம்பத்துக்கு இப்போ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"முன்னாடி ரெண்டையும் மாத்த ஒரு சாயங்காலம் போதும். பின்னாடி ஹப்பு அச்சோட இறுகிக் கிடக்கும். இழுக்கறப்ப அச்சே முறியலாம். முறிஞ்சா இங்கிலாந்துலேர்ந்து வரவழைக்கணும்."

"வரவழைங்க. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

"எப்படிச் செய்யணும்னு எல்லாம் தெரியுது, சரளா. செய்யத்தான் முடியல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சம்பத்துக்குப் போன்ல என்ன சொல்லட்டும்?"

"ஹப்பு மாறினதை மொதல்ல சொல்லு. லாரியில ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லு, யாரும் ஓட்டக் கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. சரளா நம்பரைச் சுழற்றுவதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.