காலிஃபிளவர் விவகாரம்

இந்து, பியூசி பரீட்சையில் பயாலஜி மட்டும் ஃபெயிலாகி இருபது வருஷம். இந்த வருஷம் அந்த ஒரு பேப்பரை எழுதித் தொலைத்துவிடுவது என்று முடிவு கட்டி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தன் கோழிக்கடையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். புத்தகத்தின் சில பக்கங்களில் மஞ்சள் தூளும், வேறு சில பக்கங்களில் சொல்லக்கூடாததும் ஒட்டியிருந்தன.

பக்கத்துக் காய்கறிக் கடை துளசிராமனுடையது. சுத்த சைவம். கோழி நாற்றத்தில் தன் வாடிக்கைக்காரப் பெண்கள் வெண்டைக்காயை ஒடித்துக்கூடப் பார்க்காமல் ஓடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. கோழிக்கடையைப் பின்பக்கம் கழிப்பறை ஓரமாக மாற்ற வேண்டும் என்று வியாபாரிகள் சங்கத்தில் மனுவே கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம். சங்கத் தலைவர் பேக்கரி டென்சில் மனுவைப் படித்து முடித்ததும் துளசிராமன் எழுந்தார்.

“நான் விக்கிறது காய். இந்தம்மா விக்கிறது உயிரு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கீறது நல்லாவா கீது?”

இந்து முந்தின நாள்தான் செல் பாடத்தை முடித்திருந்தாள். சூடு ஆறவில்லை.

“உங்க காய்க்கும் உயிரு கீதுண்ணா. கோழிக்குக் கீற மாதிரியே செல்லு, நியூக்ளியஸ், எல்லாம் கீது. காயோட செல்லுக்குச் சுத்தி ஒரு சுவரு கூடுதல். அதான் கேரட்டக் கடிச்சா கடக்குனு சத்தம் வருது. உருளைக்கெழங்கு மூட்டைக்குள்ள கைய வுட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கும். மூச்சு வுடுது.”

“மூச்சு வுட்டா இன்னா? காய்க்கு வெக்கம் மானமா கீது?”

“வெக்கத்தப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணா. பூவுன்னா செடியோட பிறப்புறுப்பு. காலிஃபிளவரு, பூவாகப்போற மொட்டுக் கூட்டம். தக்காளி, புள்ளத்தாச்சியாட்டம் உப்பின சூலகம். நானாவது பேப்பர்ல சுத்திக் குடுக்குறேன். நீங்க தண்ணி தெளிச்சு அடுக்கி வெச்சிக்கினு கீறீங்க.”

டென்சில் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். “அப்ப என் பன்னு?”

“ஈஸ்ட்டும் உயிருதான் அங்கிள். சக்கரை போட்டு வளத்து, உப்பினதும் அடுப்புல வெச்சுக் கொல்றீங்க.”

அதற்குமேல் கூட்டத்தை நடத்தத் தலைவருக்கு மனசு வரவில்லை. மனு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

நாலு நாள் கழித்து துளசிராமனின் மனைவி வள்ளி இந்துவின் கடைக்கு முன்னால் வந்து நின்றாள். கோழிக்கடைப் பக்கம் அவள் வந்ததே கிடையாது.

“எங்க வீட்டுக்காரருகிட்ட இன்னா சொல்லித் தொலைச்ச? பொரியலத் தொடமாட்டேன்றாரு. நான் கீரை ஆய்ஞ்சா எழுந்து போயிடுறாரு. மூணு வேளையும் தயிர் சாதம்.”

தயிருக்குள் இருக்கும் பாக்டீரியாவைப் பற்றிச் சொல்ல வந்ததை இந்து விழுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் துளசிராமனே வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

“நெஜத்தச் சொல்லும்மா. கீரையக் கிள்ளினா அதுக்கு வலிக்குமா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை தப்பிக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

“வலிக்காதுண்ணா. வலிக்க நரம்பு வேணும், மூளை வேணும். செடிக்கு ரெண்டும் இல்ல. அடிபட்டது அதுக்குத் தெரியும், ஆனா அது வலி இல்ல.”

“கோழிக்கு?”

இந்து கத்தியைத் துணியில் துடைத்தாள். “வலிக்கும்.”

“அத்த அன்னிக்கே சொல்லலியே.”

“நீங்க கேக்கலியே.”

துளசிராமன் வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். அடுத்த கூட்டத்தில், செடிக்கு வலிக்காது, கோழிக்கு வலிக்கும் என்று அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “நீ சொன்னதாம்மா?” என்று டென்சில் கேட்டபோது இந்து ஆமாம் என்று தலையாட்டினாள். கடை அங்கேயே இருக்கட்டும், வெட்டுவது மட்டும் உள்ளே மறைவாக நடக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

துளசிராமன் மேல் வந்ததைவிட அவளுக்குத் தன் வாய்மேல்தான் அதிகம் கோபம் வந்தது. தச்சனைக் கூப்பிட்டுப் பலகைத் தடுப்பு அடிக்கச் சொன்னாள். பரீட்சையில் செடிக்கும் விலங்குக்கும் ஐந்து வித்தியாசம் கேட்டிருந்தார்கள். ஒன்பது எழுதிவிட்டு வந்தாள்.

தடுப்பு போட்ட மறுநாள் காலை முதல் வாடிக்கைக்காரர் வந்தார். இந்து தடுப்புக்குள் கத்தியை எடுத்து வைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் வந்தாள். எப்போதும் அவள் கத்தியை எடுத்தாலே கோழிகள் கூண்டின் மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அவள் அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை. இன்று கத்தி கண்ணில் படாததால் அவை பாட்டுக்குத் தீனி கொத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வாடிக்கைக்காரர் நேரமாகிறது என்றார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு தடுப்புக்குள் போனாள்.