காளவாய்க் குழி

மதுரைவீரனின் உடலை வாசலில் கிடத்திவிட்டு, அவன் தம்பி வேம்புலி சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் நடப்பதை, செத்தவனின் மனைவி பொன்னியம்மா பார்த்தாள். உள்ளே கிளிஞ்சல் இன்னும் வெந்துகொண்டிருந்தது. தீ வைத்துவிட்டால் மூன்று நாள் எரிந்தாக வேண்டும். அடிச்சாம்பலை வாராவிட்டால் அத்தனையும் பாழ்.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. எண்ணூர்க் கழியிலிருந்து வண்டி வண்டியாகக் கிளிஞ்சல் வந்தது. அதை மேனாம்பேட்டில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அனுப்பியவன் மதுரைவீரன். இன்று காலை சாம்பல் வாரக் காளவாயின் அடிக்குழிக்குள் இறங்கியவன் படியிலேயே சுருண்டுவிட்டான். காலைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள்.

"நெஞ்சு அட்ச்சிகினு பூட்டாரு, பாவம்," என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. பொன்னியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

மழையானாலும் குழியை மூடாதே, காற்று வெளியே போகவேண்டும் என்று அவன் சொல்லாத நாளில்லை. நேற்றுச் சாயங்காலம் தூறல் கண்டதும், தீ அவிந்துவிடுமே என்று அவள் கீற்றுகளைப் பரப்பி மூடிவிட்டாள். காலையில் அதைப் பார்த்து அவன் கேட்டான்: "எப்போ மூட்னே?"

"இப்பதாய்யா."

திட்டுக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தை. அதை நம்பி, ஒரு கீற்றை மட்டும் விலக்கிவிட்டு அவன் இறங்கினான்.

இப்போது வேம்புலியும் அதே படியில் கால் வைத்தான்.

பொன்னியம்மா எழுந்து ஓடினாள். பாதி ஒப்பாரியில் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் கையைப் பற்றி இழுத்தாள்.

"எறங்காத!"

"இன்னா அண்ணி?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள கெட்ட காத்து நிக்குது. நேத்து சாய்ந்தரமே குழிய மூடிட்டேன். அவரு கேட்டப்போ, இப்பதான்னு சொல்ட்டேன்."

வேம்புலி அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினான். இரண்டாவது படி தாண்டியதும் சுடர் குறுகியது. அணைந்தது.

"கிளிஞ்சல்லேர்ந்து கெளம்புற காத்து, தண்ணி மாதிரி பள்ளத்துல நின்னுக்கும்னு அண்ணன் சொல்லும்," என்றான் குழியைப் பார்த்தபடி. பிறகு கீற்றுகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தான்.

தாயம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "இன்னாடி ஆச்சி?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான் வேம்புலி. "இன்னிக்கி சாம்பல் வாரவாணான்னு அண்ணி சொல்லுது. கெடக்கட்டும்."

உச்சிவேளையில் உடலைக் குளிப்பாட்டினார்கள். அண்ணனின் குதிகால் வெடிப்புகளை வேம்புலி தேங்காய் நாரால் தேய்த்தான். வெள்ளை போகவில்லை. சுடும்போது கிளிஞ்சலை விட்டுக் காற்றோடு போனதை, பூசிய சுண்ணாம்பு காற்றிடமிருந்தே திரும்ப வாங்கிக் கல்லாகும். எத்தனையோ வருஷச் சுண்ணாம்பு அந்தக் காலில் கல்லாகியிருந்தது. கழியில் கிடந்த கிளிஞ்சலைப் போலவே கெட்டியாக.

"உட்டுடு," என்றாள் பொன்னியம்மா.

அவன் நாரைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான். மிச்சத் தண்ணீரை அவள் அந்தக் காலில் ஊற்றினாள்.