கவிழ்த்து வைத்த மூடி

சியானில் ஆட்டுக்கறிக் குழம்புக் கடைக்குப் போனால் முதலில் ரொட்டியைப் பிய்க்க வேண்டும். கல் மாதிரி இரண்டு ரொட்டிகளையும் ஒரு வெறுங்கிண்ணத்தையும் வைத்துவிட்டுப் பணிப்பெண் போய்விடுவாள். துண்டுகளின் அளவைப் பார்த்துத்தான் சமையல்காரர் குழம்பின் பதத்தை முடிவு செய்வார். ரூலான் இதையெல்லாம் தன் ஊரான லான்ஜோவிலேயே படித்து, குறித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு துண்டும் பயறு அளவு. நாற்பது நிமிடம் ஆயிற்று.

எதிரே, கூட வந்த மின்யு நாலே நிமிடத்தில் கட்டைவிரல் பருமனுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரர்களோடு பேச்சில் இறங்கியிருந்தாள்.

சமையல்காரர் கிண்ணத்தோடு வெளியே வந்தார். "யாரு பிய்ச்சது இது? மாட்டுக்கு வெக்கிற தீனியா?"

"நாந்தாண்ணே. பசி தாங்கல."

"எந்த ஊரு?"

"லான்ஜோ."

"அதான பாத்தேன்! நூடுல்ஸ் இழுக்குற ஊர்க்காரங்களுக்கு ரொட்டி பிய்க்க எங்க வரும்?"

அவர் ரூலானின் கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தார். "இது நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு மின்யுவின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்கப் போன அன்று மாமனார் தன் முகத்தைக்கூடப் பார்க்காமல், தான் பிய்த்த ரொட்டியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன கதையைச் சொன்னார். கடையே சிரித்தது.

ரூலான் நோட்டை எடுத்து எழுதினாள்: 'மதியம் 12.50. சமையல்காரர் பாராட்டினார்.' எழுதிவிட்டுப் பார்த்தால் அது தண்ணீர் மீட்டர் கணக்கு மாதிரி இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நூலக மாடியில் நடக்கும் கட்டுரை வகுப்பில் இருவரும் சேர்ந்து படித்தார்கள். ஆண்டு மலரில் ஒரே ஒரு பயணக் கட்டுரைக்குத்தான் இடம் என்று கெங் வாத்தியார் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக ரூலான் கொடுத்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது. 'தகவல் சரி. ஆள் எங்கே?' என்று போன முறை சிவப்பு மையில் எழுதியிருந்தார். மின்யு வகுப்பில் சேர்ந்தே ஐந்து மாதம்தான். செருப்புக் கடையில் வேலை. சியான், செங்டு, சொங்சிங் என்று மூன்று ஊர் போகலாம் என்று திட்டம் போட்டு, டிக்கெட் எடுத்து, தங்குமிடம் பிடித்ததெல்லாம் ரூலான். "துணைக்கு நானும் வரட்டுமாடீ?" என்று கேட்டுக்கொண்டு ஒட்டிக்கொண்டவள் மின்யு.

அவள் ஒரு வரிகூட எழுதாமல் வந்ததுதான் சியான்வரை ரூலானுக்கு இருந்த ஒரே ஆறுதல். செங்டு ரயிலில் அதுவும் போயிற்று. மின்யு சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக் காலி செய்து, காகிதத்தைப் பிரித்து முழங்காலில் தேய்த்து, அதன் உட்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் ரயில் போய்ப் போய் வெளியே வந்தது. ஒவ்வொரு இருட்டிலும் அவள் பேனா நின்றது, வெளிச்சம் வந்ததும் ஓடியது.

"என்னடீ எழுதுற?"

"கிறுக்கல். உன்ன மாதிரி ஒழுங்கா எழுத எனக்கு வருமா?"

செங்டு வந்து இறங்குவதற்குள் நாலு பொட்டலம் நிறைந்துவிட்டது. மறுநாள் இரவுக்குள் ஒன்பது.

மூன்றாம் நாள் விடுமுறைக் கூட்டம். பூங்காவின் தேநீர்த் தோட்டத்தில் இடம் பிடிக்க ரூலான் காலையிலேயே போய்விட்டாள். மின்யு தூங்கிக்கொண்டிருந்தாள். கெண்டியோடு வந்த தேநீர்க்காரர், மூடி போட்ட கிண்ணத்தை வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"வெளியூரா தங்கச்சி? இங்க வாயத் தொறந்து கூப்பிட வேணாம். மூடிதான் பேசும்."

அவர் சொல்லச் சொல்ல ரூலான் எழுதிக்கொண்டாள்.

'காலை 8.20. 1. மூடியைத் தட்டில் சாய்த்து வைத்தால்: இன்னும் வெந்நீர் வேண்டும். 2. மூடிமேல் இலையோ விதையோ வைத்தால்: திரும்பி வருவேன், இடத்தை விடாதே. 3. மூடியைக் கவிழ்த்துக் கிண்ணத்துக்குள் வைத்தால்: போகிறேன், எடுத்துக்கொள்.'

இது மின்யுவுக்குத் தெரியாது. இதை வைத்து ஒரு நல்ல பத்தி எழுதலாம் என்று நினைத்தபோது, இந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக ரூலானுக்கு மனசு நிறைந்தது.

பத்தரைக்கு மின்யு வந்தாள். வந்ததும் கைப்பையிலிருந்து பொட்டலக் காகிதங்களை மேசையில் போட்டாள். விதைகளைக் கொறித்துத் தோலை அதன்மேலேயே துப்பினாள். மரங்களுக்கு அந்தப் பக்கம், கல்யாணம் ஆகாத பிள்ளைகளின் வயது, உயரம், வேலை எல்லாம் எழுதிக் குடைகள்மேல் பரப்பி வைத்துக்கொண்டு பெற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கொரு மாப்பிள்ள பாத்துட்டு வரேன். உனக்கு எவ்வளவு உயரத்துல வேணும்?"

"போடீ."

அவள் போனதும் ரூலான் தோலை விலக்கினாள். மேலே இருந்த காகிதத்தைப் படித்தாள்.

'சியானில் ரொட்டியைப் பிய்க்கும்போதுதான் எல்லாரும் உண்மையைப் பேசுகிறார்கள். கைக்கு வேலை இருக்கிறது. முகத்துக்குக் காவல் இல்லை.'

அதே மேசை. நாற்பது நிமிடம் அவள் தலையைக் குனிந்து பயறு பயறாகப் பிய்த்துக்கொண்டிருந்த அதே மேசை. அவள் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த காகிதத்தில் சுரங்கங்கள் இருந்தன: 'மலை எங்களை விழுங்கி விழுங்கி, ருசி பிடிக்காமல் துப்பிக்கொண்டே வந்தது.' அதற்குமேல் படிக்க முடியவில்லை. மலரின் பக்கமும், அதில் அச்சான மின்யுவின் பெயரும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

காகிதங்களைத் திரும்ப வைத்தாள். அவற்றின்மேல் விதைத்தோலைத் தள்ளினாள். தன் மூடியை எடுத்துக் கவிழ்த்துக் கிண்ணத்துக்குள் வைத்தாள். மின்யுவின் மூடியையும் அப்படியே வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கழிப்பறை வரிசையில் போய் நின்றாள். முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். தன்னை அறியாமல் எண்ணியிருந்தாள்.

திரும்பி வந்தபோது அவர்கள் நாற்காலிகளில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"மூடி உள்ள கவுந்து இருந்துச்சே" என்றார் தேநீர்க்காரர். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "காலைலதான உங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் வேறொரு மேசையில் யாரோ மூடியைச் சாய்த்தார்கள். அவர் போய்விட்டார்.

மின்யு வந்து, விஷயம் கேட்டு, ஓடிப்போய்க் குப்பைக் கூடைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். தேயிலைச் சக்கைக்கு அடியிலிருந்து மூன்று காகிதங்கள் வந்தன. மை கரைந்து வெறும் நீலமாகியிருந்தது. ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். அப்புறம் ரூலானின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அழுதுடாதடீ! லான்ஜோக்காரிங்களுக்கு மூடியப் பத்தி என்ன தெரியும்? நம்ம நூடுல்ஸ் கிண்ணத்துக்கு மூடியே கெடயாதே!"

ரூலானும் சிரித்தாள். அவள் அழப்போகிறாள் என்று மின்யு ஏன் நினைத்தாள் என்பது அவளுக்குப் புரியவில்லை.

சொங்சிங்கில் தங்குமிடத்துக்குள் தெருவிலிருந்து நுழைந்தால் அது பதினோராவது மாடி. அறை ஏழாவதில். ஊரே மலைச்சரிவில் தொங்குவதால் அங்கே அப்படித்தான். கீழே ஆற்றில் படகுகள் போயின. மின்யு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

"எதுவுமே ஞாபகம் வரலடீ. உன் டைரியக் குடேன். என்னைக்கு, எங்க, என்ன சாப்பிட்டோம்னு பாத்தா ஒண்ணொண்ணா வரும். நீதான் தும்மினதக்கூட எழுதி வெப்பியே."

ரூலான் தன் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊரிலேயே சிவப்பு மையில் எண் போட்டிருந்தாள். மூடி விஷயம் எழுதிய நாற்பத்தொன்றைக் கிழித்தால் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்துமூன்று வந்து நிற்கும். தரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அவசரமாகப் புரட்டுவாள், கவனிக்க மாட்டாள் என்றும் ஒரு நினைப்பு. கையை நீட்டிக் கொடுத்துவிட்டாள்.

மின்யு அவசரமாகப் புரட்டவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சியான் குளிரையும் ரயில் எண்களையும் படித்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எட்டு இருபது" என்றாள்.

ரூலான் நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"நான் வந்தது பத்தரைக்கு. உனக்கு அப்பவே தெரியும்."

"மின்யு..."

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் வேற போட்டிருக்க."

"மலர்ல ஒரே ஒரு இடம்தான..."

"அதுக்கா? என்கிட்ட கேட்டிருந்தா எடுத்துக்கடீன்னு சொல்லியிருப்பேனே. நான் எதுக்கு எழுதினேன்? பொழுது போகலன்னு எழுதினேன்."

அதுதான் ரூலானைத் தைத்தது. பொழுது போகாமல் எழுதினாளாம்.

மின்யு துணிகளைப் பைக்குள் திணித்தாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நீ ஊரப் பாக்க வரலடீ. நான் பாக்குறதப் பாக்க வந்திருக்க."

மின்தூக்கி வந்தது. அந்தக் கட்டடத்தில் வெளியே போகிறவர்கள் மேலேதான் போக வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்கள் ஏறிப் பதினொன்றில் நின்றன.

பின்னாலேயே ஓடவேண்டும் என்று ரூலானுக்குத் தெரிந்தது. ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்றுகூட மின்யுவுக்குத் தெரியாது. வழியெல்லாம் ரூலானின் நோட்டில்தான் இருந்தது. எழுந்தாள். ஆனால் அந்த வாக்கியம் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. ஆத்திரத்தில், யோசிக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம். ஒன்பது நாளில் அப்படி ஒன்று தன் கைக்கு வரவில்லை. மறந்துவிடுமோ என்று பயம் வந்தது.

நோட்டைத் திறந்தாள். பக்கம் ஐம்பத்தெட்டு. 'மாலை 4.10.' அதன் கீழே அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் எழுதினாள். யார் சொன்னது என்று எழுதும் இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கோங் மின்யு என்று முழுப் பெயரையும் எழுதினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டுப் பக்கத்தில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.