இருபத்தொரு நாள் வாளி

என் கணவரின் அண்ணனுக்குக் கடை வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'சமுத்திரம்'. இருபது வருடமாகக் கடல் மீன்தொட்டி விற்கிறார். கடலே தன்னைக் கேட்டுத்தான் அலையடிக்கிறது என்கிற நினைப்பு அவருக்கு. எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது.

அன்று காலை பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பைக்குள் கடல் தண்ணீரும் ஒரு பாசிச் சுருளும். பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளைப் பச்சைச் சாயத்தில் முக்கியது போல இருந்தது.

"தொட்டிக்குள்ள போடும்மா. உன் பவளம் ஒரே வாரத்துல எந்திரிச்சு உக்காந்துக்கும்."

என் தொட்டியில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே பவளம்தான். பவளம் என்றதும் மோதிரக் கல்லை நினைக்க வேண்டாம். இது உயிருள்ள பிராணி. கட்டைவிரல் அளவில் ஒற்றைத் தலையோடு வந்தது, ஏழு வருடத்தில் ஐந்து தலையாக வளர்ந்திருந்தது. ஒவ்வொரு தலையிலும் நுனி தடித்த விரல்கள் நீண்டு தண்ணீரின் போக்கில் ஆடும். இரண்டு மாதமாக அந்த விரல்கள் உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தன. தொட்டிப் பாறைகளில் வருடக்கணக்காக ஊறிய கழிவு தண்ணீரில் இறங்கி நைட்ரேட் என்கிற நச்சை ஏற்றிவிட்டது. எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் நாலே நாளில் பழைய கதை. அந்தக் கழிவைத் தின்று வளர்கிற கடல்பாசிதான் வழி. அதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. 'இப்போதே போடு' என்பதில்தான் சண்டை.

"மூணு வாரம் தனி வாளியில வச்சுப் பாத்துட்டுப் போடறேன் மாமா."

"எதுக்கு?"

"உள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"என் கடைப் பாசியிலயா?" அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "உன் பொண்டாட்டி எனக்கே எக்ஸ்ரே எடுக்கறாடா."

என் கணவரும் சிரித்து வைத்தார். எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. 'மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க' என்று ஒரு நாளைக்கு எண்பது பேரை அதட்டுகிறவள் நான். இந்த வீட்டில்தான் என் அதட்டல் யார் காதிலும் ஏறாது.

நான்கு வருடத்துக்கு முன் இதே மாமா கடையிலிருந்து பாசி படர்ந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே என் தொட்டியில் இறக்கினார். அதில் கண்ணாடி அனிமோன் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பார்க்கச் சின்னக் கண்ணாடிப் பூ. பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கொல்லும். ஆறு மாதத்தில் ஒன்று நூறானது. பதினோரு பவளங்கள் செத்தன. அந்த அனிமோன்களை ஒவ்வொன்றாக ஊசி போட்டு ஒழிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. "சிலருக்குக் கைராசி இல்ல, என்ன பண்றது" என்று மாமா சொன்னார். மாமியார் அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். நானும் பாதி நம்பிவிட்டேன்.

இந்த முறை விடுவதாக இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாளியை வைத்தேன். உப்புத் தண்ணீர், ஹீட்டர், சின்னக் காற்று பம்ப், மேலே ஒரு விளக்கு. பாசியைப் பிரித்து, வேறொரு கிண்ணத்து உப்புத் தண்ணீரில் உதறி, டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகப் பார்த்தேன். கொஞ்சம் மணல்தான் உதிர்ந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "கீரை மாதிரி குழாயில ஒரு அலசு அலசிப் போட்டாத் தீந்துது. இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"நல்ல தண்ணியில அலசினா இது செத்துடும் அத்தை."

"அப்ப அதுவும் உன்ன மாதிரிதான். எதுக்கும் ஒத்து வராது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தினமும் வேலை முடிந்து வந்ததும் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் மாற்றினேன். பவளத்தைப் பிடித்து நிறுத்த என்னால் முடிந்தது அவ்வளவுதான். பிறகு பூதக்கண்ணாடியோடு பாசிக்கு முன் உட்காருவேன். ஒன்பதாம் நாள் மாமா போனில், "திருடன் சிக்கினானா?" என்றார். இல்லை என்றேன்.

பதினைந்தாம் நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது, ஐந்தில் ஒரு தலையில் சதையே இல்லை. வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. கைப்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், விறுவிறுவென்று போய் வாளிக்குள் கையை விட்டுப் பாசியை அள்ளினார்.

"போதும். நான் போட்டுடறேன்."

எழுந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "வைங்க."

"அது சாவுது, நீ வேடிக்கை பாக்கற."

"வேடிக்கை பாக்கல, காவல் காக்கறேன். இதுல ஒண்ணே ஒண்ணு ஒளிஞ்சிருந்தாலும் மிச்ச நாலும் போயிடும். வைங்கன்னு சொன்னேன்."

வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருபத்தோராம் நாளும் ஞாயிறுதான். மாமா கூப்பிடாமலே வந்து சோபாவில் சாய்ந்துகொண்டார். "சரி, என்ன புடிச்ச?"

"ஒண்ணுமில்ல. பாசி சுத்தமாத்தான் இருக்கு."

தொடையைத் தட்டிச் சிரித்தார். "சுத்தமான பாசிய மூணு வாரம் ஜெயில்ல போட்டு ஒரு தலையக் கொன்னுட்ட. எல்லாம் உன் பிடிவாதம்."

வலித்தது, உண்மை என்பதால். ஆனால் தலை குனிய மனம் வரவில்லை.

"ஆமா மாமா, அத நான்தான் கொன்னேன். யார் கேட்டாலும் சொல்லுவேன், எவ கைராசி மேலயும் பழி போட மாட்டேன். நாளைக்கு நீங்க வேற பாசி கொண்டு வந்தாலும் வாளியிலதான் வைப்பேன். அன்னிக்குப் பதினொண்ணு போச்சே, அதுல ஒண்ணுக்காவது 'நான்தான்'னு சொல்லியிருக்கீங்களா?"

"பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்று மாமியார் எழுந்தார்.

"நீ உக்காரும்மா," என்றார் என் கணவர். அண்ணன் முன்னால் குரலே எழாத மனிதர். "சொல்லுண்ணே."

மாமா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பாத்தேன். கல்லுல அந்த அனிமோன் ஒட்டிட்டிருந்தத வீட்டுக்கு வந்தப்புறம்தான் பாத்தேன். சின்னதுதானேன்னு நெனச்சேன். நீங்க எல்லாரும் சுத்தி நின்னீங்க. திருப்பி எடுத்துட்டுப் போனா என்னடா கடைக்காரன்னு ஆயிடும்னு... இறக்கிட்டேன்."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான்கு வருடம் இந்த இரண்டு கைகளையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

வாளித் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு கைப்பிடிப் பாசியை மட்டும் கிண்ணத்தில் எடுத்தேன். மொத்தத்தையும் போட்டால் தண்ணீரில் உள்ள சத்தை ஒரேயடியாக உறிஞ்சி, நொந்த பவளத்தைப் பட்டினி போட்டுவிடும். அதைப் போட, தொட்டியின் பின்பக்கத் தடுப்பில், பம்புக்குள் போகாதபடி வலை கட்டி வைத்திருந்தேன். மாமா அவசரமாக எழுந்து கையை நீட்டினார்.

"குடும்மா, நான் போடறேன்."

"வேணாம். உங்க போன எடுங்க."

"எதுக்கு?"

"உங்க வாடிக்கையாளருங்க முந்நூறு பேரும் இருக்கற வாட்ஸப் குரூப்புல பேசி அனுப்புங்க. கல்லோ பாசியோ, தனியா வச்சுப் பாக்காம யாரும் தொட்டியில போடாதீங்கன்னு சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க."

"அப்புறமா நிதானமா..."

"இப்பவே."

தம்பியைப் பார்த்தார். தம்பி அசையவில்லை. மாமா மெதுவாகப் போனை எடுத்து வாயருகே கொண்டுபோனார், தொண்டையைச் செருமினார். அவர் வாயிலிருந்து "தப்பு என்னோடதுதான்" என்று வரும்வரை நான் கிண்ணத்தைச் சாய்க்கவில்லை.