உதியன்குளங்கரையில் குறுக்கே நின்ற பைக்

என் மகன் ஆதித்யனுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. லைசன்ஸ் அவன் கைக்கு வந்த அன்றே என் நிம்மதி போயிற்று. பைக்கை அவன் ஸ்டார்ட் செய்தால் குளத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும், அப்படி ஒரு சைலன்சர். வாங்கிக் கொடுத்த புண்ணியவான், அவன் அப்பா, துபாயில் இருக்கிறார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இங்கே இருப்பது நான்.

எனக்கு முக்கியமாக ஒரு பயம் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து யாரையாவது ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு அவசரமாகக் கொண்டுபோனால், வண்டிக்கு முன்னால் வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடும். எந்த ஜங்ஷனை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று எல்லா குரூப்பிலும் வரும். பையன்கள் ரோட்டில் இறங்கி வழி ஒதுக்குவார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சிலதுகள் பைக்கில் ஏறி, ஹாரனில் வைத்த விரலை எடுக்காமல், ஆம்புலன்ஸுக்கு முன்னால் பறக்கும். பைலட் போகிறார்களாம், பைலட்! போன வருடம் அப்படிப் போன அனூப், இவனோடு படித்தவன், அமரவிளையில் விழுந்தான். தொடையில் கம்பியோடு இன்னும் சாய்ந்துதான் நடக்கிறான்.

அனூப்பைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவன் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன்.

"ஆம்புலன்ஸுக்க முன்னால பைக் ஓட்டமாட்டேன்னு சொல்லு."

"சரி."

"என்னலே சரி? முழுசா சொல்லு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுசாகச் சொன்னான்.

அது ஒரு இரண்டாம் சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கு லீவு என்பதால் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆதித்யன் போனைப் பார்த்தான், ஹெல்மெட்டை எடுத்தான், "அம்மா, வாறேன்" என்றான். சைலன்சர் அலறியது. இரண்டு நிமிடத்தில் என் போனிலும் அந்தச் செய்தி வந்தது. இரண்டு மாதக் குழந்தை, இதயத்தில் ஆபரேஷன், பதினொன்று இருபதுக்கு உதியன்குளங்கரை.

அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் தலையில் அடித்த சத்தியத்தை மீறிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன். போட்டிருந்த நைட்டியோடு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வளைவில் சோமன் அண்ணனின் ஆட்டோவை ஓவர்டேக் செய்தேன். "பிரசீதா, சாவப் போறியா?" என்று அவர் கத்தியதும் கேட்டது. நான் நிற்கவில்லை.

உதியன்குளங்கரையில், எங்கள் ரோடு ஹைவேயில் சேரும் இடத்தில், குறுக்கே ஒரு பைக் நின்றது. இவனுடைய பைக்தான், ஆள் இல்லாமல். பக்கத்து இடைவெளியில் நுழையப் பார்த்தேன். ஒரு கை நீண்டு வந்து மறித்தது.

"சேச்சி, நிர்த்து! வண்டி நிர்த்து!"

அதற்குப் பிறகுதான் ஆதித்யன் என் முகத்தைப் பார்த்தான்.

"எலே, நான் ஆக்கும்."

"அம்மா ஆனாலும் நிக்கணும்."

சொல்லிவிட்டு ரோட்டுக்குத் திரும்பிவிட்டான். நான் நின்றேன். வேறு என்ன செய்ய? ஒரு கையில் சிவப்புத் துண்டு, மறு உள்ளங்கையை மட்டும் காட்டி ஒரு அரசு பஸ்ஸை ஓரம் கட்டினான். நரைத்த மீசைக்காரர் டிரைவர், மறுபேச்சில்லாமல் ஒதுங்கினார். ரோட்டின் நடுவில் திகைத்து நின்ற ஒரு அம்மாவை முழங்கை பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டான். ஓரத்தில் இரண்டு பையன்கள் பைக்கில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். பைலட் போக வந்தவர்கள். அவர்கள் வண்டிச் சாவி இரண்டும் என் மகன் சட்டைப்பையில் கிடந்தது!

சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் ஒரு பைக்கும் இல்லை, திறந்த ரோடு மட்டும்தான். வேகம் குறையாமல் அது எங்களைக் கடந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் போனது. நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்காகப் பாதி, என் வயிற்றில் பிறந்த இவனுக்காகப் பாதி.

அவன் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தான், பைக்கை நகர்த்தினான், காத்திருந்த வண்டிகளை விட்டான். அப்புறம் என்னிடம் வந்தான்.

"ஹெல்மெட் எங்க அம்மா?"

பின்னால் வந்து சேர்ந்திருந்த சோமன் அண்ணன் ஆட்டோவில் இருந்தபடி, "வளைவில என்னை வெட்டிச்சு முந்திப் போன போக்கு உண்டே, ஆதித்யா, நீ பாத்திருக்கணும்" என்று எடுத்துக் கொடுத்தார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை.

"ஸ்கூட்டர் இங்க இருக்கட்டும். நீ மாமனுக்க ஆட்டோவில போ" என்றான்.

சாவிக்காகக் கை நீட்டினான். கொடுத்தேன். சாவியை வாங்கிய பிறகும் என் கையை விடவில்லை. குனிந்து, அதை வியர்வையில் நனைந்திருந்த தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"இனி இப்படி ஓட்டமாட்டேன்னு சொல்லு."

"சரி மக்கா."

"முழுசா சொல்லு."

பஸ் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைட்டியோடு நடு ஜங்ஷனில் நின்று, முழுசாகச் சொன்னேன்.