நாகேஸ்வரி மச்சாள் துப்பரவாக்கிய வீடு

கொட்டாஞ்சேனை நடனப் பள்ளிக்குத் தான் வரைந்த மேடைத் திரைச்சீலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி, மாடிப்படியேறிக் கதவைத் திறந்த சுபோதினி, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றாள். ஹோலில் பரவிக் கிடந்த வர்ண வாளிகளைக் காணவில்லை. சுவரோடு சாய்த்திருந்த மூங்கில்கள் இல்லை. காலையில் காயப் போட்டுவிட்டுப் போன அசோகவனத் திரையும் இல்லை. அந்த இடத்தில் கீழ்வீட்டுக் கம்பளம், கீழ்வீட்டுக் கண்ணாடி மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் ரோசா. நடுவில் புருசனின் அக்கா நாகேஸ்வரி பட்டுச்சேலையோடு நின்றாள்.

"ஆள் வரப்போகுதெண்டு தம்பி சொன்னவன். உந்தக் குப்பையெல்லாத்தையும் சுருட்டிக் கட்டிக் கீழ கராஜுக்குள்ள வைச்சிட்டன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் சுபோதினிக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சநாளாகவே அப்படித்தான். இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொன்ன அன்றும், தெஹிவளையிலும் பாமன்கடையிலும் வாடகை கேட்டுக் கேட்டுத் திரும்பிய நாட்களிலும் அவள் அழவில்லை. திரை வரைந்தாள், கொண்டுபோய்க் கொடுத்தாள், சோறு வடித்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. ஒருகொடவத்தைப் பக்கம் கலைஞர்களுக்கென்று குறைந்த வாடகையில் தொடர்மாடி வீடுகள் கொடுக்கிறார்கள். கலையே சீவனம் என்பதை வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவார்கள். வரைகிற வீடாகத் தெரிந்தால்தான் வீடு கிடைக்கும். இதை மச்சாளுக்கு எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. ஆனால் நாகேஸ்வரியின் கணக்கில் வெளியாள் வீட்டுக்கு வருவதென்றால் அது பெண் பார்க்க வருவது மாதிரித்தான். இல்லாததை இரவல் வாங்கி வைக்கவேண்டும், இருக்கிற குறையை மறைக்கவேண்டும். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

திருப்பி எடுத்துவர நேரமில்லை. வாசலில், வீடு கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஷஹீமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நாகேஸ்வரி அவளைக் கதிரையில் இருத்தி, வெள்ளிக் கிளாசில் நெக்டோ சோடா கொடுத்தாள். பற்றிசும் கேக்கும் வந்தன. ஷஹீமா நல்லவள். கூச்சத்தோடு ஒரு பற்றிசை எடுத்துக்கொண்டு ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். எங்கே வரைகிறீர்கள் என்று கேட்டாள். சுபோதினி வாயைத் திறப்பதற்குள் நாகேஸ்வரி முந்திக்கொண்டாள். தம்பி பெரிய பார்மசியில் மனேஜர் என்றாள். உண்மையில் அந்தத் தம்பி, சுபோதினியின் புருசன் சுகிர்தன், அங்கே கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுப்பவன்.

"எங்கட வீட்டுப் பொம்பிளையள் உழைச்சுத்தான் அடுப்பெரிய வேணுமெண்டில்லை, மிஸ். இவ சும்மா பொழுதுபோக்குக்குக் கீறுறவ."

ஷஹீமாவின் பேனை நின்றது. அவள் சுபோதினியை நேராகப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இத தொழிலாத்தானா செய்றீங்க?"

ஓம் என்று ஒரு சொல் போதும். ஆனால் ஓம் என்றால் வந்தவளுக்கு முன்னால் மச்சாள் பொய்க்காரி. சுபோதினி வெளிக்கிட்டதிலிருந்து தனியாளாய் வாளிகளைச் சுமந்து இறக்கியதில் மச்சாளின் கைவிரல்கள் வீங்கியிருந்தன. கேக் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்த முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை, பெருமைதான். சுபோதினி ரோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷஹீமா இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு எதையோ எழுதினாள். நல்ல வசதியான வீடு, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

"பாத்தியே, எவ்வளவு மரியாதையாப் போகுது பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி.

சுபோதினி பல்கணிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கையின் முனையில் ஷஹீமா ஓட்டோவுக்கு நின்றாள். வந்ததெல்லாம் ஆளேற்றிக்கொண்டு போனது. இப்போதும் இறங்கிப் போகலாம். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. உள்ளே நாகேஸ்வரி மிச்சக் கேக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டு, புதுவீட்டுக்கு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் கேட்டின் போடலாமென்று கேட்டாள்.

அவள் படியிறங்கியதை மச்சாள் கவனிக்கவில்லை. கராஜுக்குள் வாளிகளுக்குப் பின்னால் அசோகவனம் சுருளாக நீண்டு கிடந்தது. சுருளைத் தோளில் தூக்கினாள். ஈரம் சட்டையில் ஒட்டியது. ஒழுங்கையில் நடக்கும்போது சுருளின் பின்நுனி மதிலில் உரசிக்கொண்டே வந்தது. கடைக்காரர் ஒருவர் விலகி வழிவிட்டார்.

முனையில் ஒரு ஓட்டோ நின்றது. ஷஹீமா அதற்குள் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். சுபோதினி சுருளை நடுத்தெருவில் போட்டு முழந்தாளிட்டு, கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். மச்சாள் நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தாள். பின்னால் ஒரு கார் ஹோன் அடித்தது. அவள் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.