நான்கு திருகாணி

…இல்லை, காலையில் விழுந்தது இந்த இடத்தில் இல்லை, காலையில் வேறு கோப்பு, வேறு வரி, இது முற்றிலும் வேறு இடம், அதே சிவப்பு எழுத்து, அதே செய்தி, ஆனால் இடம் மட்டும் வேறு… நிதுர்ஷன் கதிரையை முன்னுக்கு இழுத்து, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தான். இடையில் அவன் ஒன்றையும் தொடவில்லை, ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, ஏழு மணிக்கு ஒரு தடவை ஓடவிட்டான், பாதியில் நின்று விழுந்தது, எட்டரைக்கு மறுபடி ஓடவிட்டான், விழுந்தது. பிழை எழுதினதில் இருந்தால் அது இருந்த இடத்தில்தானே இருக்கும், எத்தனை தடவை கேட்டாலும் அங்கேயே தானே நிற்கும்? கேட்கிற ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் காட்டுகிறதென்றால் என்ன அர்த்தம், யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கீழே இன்னொரு வரி கிடந்தது, இந்தப் பிழையை மறுபடி வரவழைக்க முடியவில்லை, ஆகவே வன்பொருளின் கோளாறாக இருக்கலாம் என்று, ஆங்கிலத்தில், மிக மரியாதையாக. மரியாதையாகச் சொன்னாலென்ன, முகத்திலடித்தாற்போல் சொன்னாலென்ன, விஷயம் ஒன்றுதான், என்னில் பிழையில்லை, உன் பெட்டிக்குள் பார் என்கிறது. பெட்டிக்குள்… பெட்டிக்குள் கடைசியாகக் கை வைத்தவர் யார்?

மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். கொழும்பில் ஒரு நிறுவனம், வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை, அதற்கான பரீட்சை இது, மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கொம்பைலர் ஒன்றின் மூல நிரலைத் தந்திருக்கிறார்கள், அதில் சின்னதாக ஒன்றைச் சேர்த்து, முழுவதையும் சொந்தக் கணினியில் கட்டி, அது கடைசியில் எழுதும் வரிகளை அத்தாட்சியாக அனுப்பவேண்டும். சேர்க்கவேண்டியதைச் செவ்வாய்க்கிழமையே சேர்த்துவிட்டான், கட்டுவதில்தான் வெள்ளிக்கிழமைவரை இழுபறி. முதலில் மூன்று நூலகங்கள் இல்லை என்றது, தேடி இறக்கினான், பிறகு இடம் போதாது என்றது, கலியாண வீடியோவை வெளியே எடுத்து இடம் பண்ணினான், அதற்கு மனைவி தக்சிகாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. கொம்பைலர் கட்டப்படுகிற விதமே ஒரு வேடிக்கை, இருக்கிற பழையதை வைத்துப் புதியதைக் கட்டும், அந்தப் புதியதை வைத்து அதையே இரண்டாம் தடவை கட்டும், அதை வைத்து மூன்றாம் தடவை, பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும், ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது. தன்னையே நம்பாத சாமான். அதில் நிதுர்ஷனுக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான். இது சரிவராவிட்டால்… சரிவராவிட்டால் திங்கட்கிழமை ஏறாவூருக்குப் போகவேண்டும், தக்சிகாவின் அண்ணன் கோகுலராஜ் போனும் கணினியும் திருத்துகிற கடையில் அவருக்குப் பக்கத்தில் இவனுக்கு ஒரு முக்காலி தயாராக இருக்கிறதாம், கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம், இவன் கேட்டானா, யார் சொல்லச் சொன்னது?

அந்தக் கோகுலராஜ்தான் வைகாசியில் இந்தப் பெட்டியைத் திறந்தது. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை, எட்டு நாள் தன் ஊர் கதிரவெளியில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் பெட்டி பளபளவென்று இருந்தது, உள்ளே காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது, புதிசு மாதிரி ஓடும் மச்சான் என்று சிரித்தார். அப்போது இவனும் சிரித்துவிட்டான், மரியாதைக்கு. ஆனால் பக்கத்து மூடியில் நான்கு திருகாணி இருந்ததை அன்றைக்கே கண்டான். அவன் விட்டுப் போனது இரண்டு, மற்ற இரண்டும் கதிரவெளி வீட்டு மணலுக்குள் போய் மூன்று வருஷம், அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன, தூசு தட்ட வந்தவர் எதற்குத் திருகாணியும் கையுமாக வந்தார்? கேட்கத்தான் வாய் உன்னியது, எப்படிக் கேட்பது, இது தக்சிகாவின் வீடு, இந்தப் பக்கத்து வழக்கம் அது, வீடு வளவு பெண்ணுக்கு, ஆண் வந்து இருக்கவேண்டியவன், கலியாணத்தன்று இந்தத் தன்னாமுனைக்கு அவன் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், ஒரு சைக்கிள், இந்தக் கணினிப் பெட்டி. மாமி ஒரு குறையும் வைப்பதில்லை, மீன் தலை அவனுக்குத்தான், நல்ல கதிரை அவனுக்குத்தான், ஆனால் அவன் குசினிக்குள் காலெடுத்து வைத்ததும் தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தது ஏன் சட்டென்று நிற்கிறது? விருந்தாளிக்கு முன்னால்தானே அப்படி நிறுத்துவார்கள்… மூன்று வருஷமாக ஒரு விருந்தாளியா?

தக்சிகாவிடம் கேட்டுப் பார்த்தான், இன்றைக்கு மட்டும் மூன்று தடவை. முட்டைக்கோப்பி கொண்டுவந்தபோது ஒரு தடவை, உடுப்புக் காயப்போடும்போது கொடிக்கயிற்றடியில் ஒரு தடவை, இப்போது இந்த இரண்டாவது விழுகைக்குப் பிறகு ஒரு தடவை. வைகாசியில் உன் அண்ணன் பெட்டிக்குள் என்ன செய்தார்? மூன்று தடவையும் அவள் சொன்னது ஒரே பதில், அண்ணன் சும்மா தூசு தட்டினவர், அவ்வளவுதான். அதே சொற்கள், அதே ஒழுங்கு, அவ்வளவுதான் என்பதுகூட அதே இடத்தில். கொம்பைலர் இரண்டாந்தடவையும் மூன்றாந்தடவையும் ஒரே மாதிரி வந்தால் சுத்தம் என்று அர்த்தம், மனுஷி ஒரே மாதிரிச் சொன்னால்? பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்றல்லவா அர்த்தம்? நடந்ததைச் சொல்கிறவள் ஒரு தடவை முன்பின்னாகச் சொல்லமாட்டாளா? அவன் திருகியை எடுத்தான், நான்கு திருகாணியையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தான், இரண்டு துருவேறியவை, இரண்டு வெள்ளி மாதிரி மினுங்கின.

திறந்ததும் தெரிந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை, உள்ளே இரண்டு றாம் தகடு, கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்திருக்கிற தகடுகள், அவன் மட்டக்களப்பு டவுனில் சோடியாக வாங்கினவை, இரண்டும் பச்சை. இப்போது ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு, உண்மையைச் சொன்னால் அதுதான் முதலில் வந்தது, கோபம் பிறகுதான் வந்தது. ஆக, நான் பைத்தியமில்லை… ஆறு மாதமாக மனதுக்குள் வைத்து அரைத்தது வீண் போகவில்லை, என் நல்ல தகட்டைக் கழற்றிக்கொண்டு போய், கடையில் கிடந்த ஒரு கழிவைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார், பாட்டுக் கேட்கவும் கடிதம் எழுதவும் அது போதும், யாருக்கும் தெரியாது, கொம்பைலர் அப்படியா, அது மூலை முடுக்கெல்லாம் புகுந்து தட்டிப் பார்க்கும், அதற்கு ஒளிக்க முடியுமா? பச்சைத் தகட்டின் பொன்நிறப் பற்களில் இலேசாக நீலம் பூத்திருந்தது. அதையும் கண்டான். கண்டும் அதில் கண்ணை நிறுத்தவில்லை.

குசினி வாசலில் போய் நின்று சொல்லிவிட்டான். “உங்கட அண்ணன் என்ட றாம மாத்திப்போட்டார்.” மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், துருவுகிற சத்தம் நின்றது. தக்சிகா அவனையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஏன் கிணற்றடிக்கு, ஏன் என் முன்னால் பேசினாலென்ன? திரும்பி வந்து, இன்றைக்கு வெள்ளி, ஜும்மாத் தொழுகைக்குப் பன்னிரண்டுக்குக் கடை பூட்டுவார்கள், அண்ணன் சாப்பாட்டுக்கு இங்கே வருகிறாராம் என்றாள், அவ்வளவுதான். வரட்டும், நல்லது, கையும் களவுமாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேசலாம். அதற்கு அத்தாட்சி வேண்டுமே என்று கறுப்பைக் கழற்றி மேசையில் வைத்தான், தன் பச்சையை மட்டும் வைத்து ஓடவிட்டான், இனி விழாது, விழாமல் ஓடினால் குற்றவாளி கறுப்புத்தான், நிறுவியாகிவிட்டது, என்ன பேசுவதென்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினான், மச்சான், நான் ஒண்டும் பெரிசா எடுக்கல்ல, எண்டாலும்… என்று தொடங்குவதா, இல்லை நேரே தகட்டை மேசையில் போடுவதா… பத்து நிமிஷம் ஆகவில்லை, விழுந்தது. மறுபடி ஓடவிட்டான், ஐந்தாவது நிமிஷத்தில் விழுந்தது, வேறு இடத்தில்.

பச்சையைக் கழற்றினான். நீலம் பூத்த பற்களைத் தக்சிகாவின் அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை, உப்பு தின்றது தின்றதுதான். கதிரவெளி வீட்டில் இந்தப் பெட்டி யன்னலடியில் மூன்று வருஷம் இருந்தது, யன்னலுக்கு வெளியே இருபது அடியில் கடல், இரவும் பகலும் அந்தக் காற்று. கறுப்பைத் தனியே போட்டு ஓடவிட்டான். ஐந்து நிமிஷம், பத்து, அரை மணித்தியாலம், வரிகள் திரையில் ஏறிக்கொண்டே போயின, முதலாவது சுற்று முடிந்தது, இரண்டாவது தொடங்கியது. தக்சிகா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், மேசையில் கிடந்த பச்சையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

“மாத்தினதுதான். எனக்குத் தெரியும். ரெண்டில ஒண்டு செத்துக் கிடந்ததாம், தன்ட பெட்டியில இருந்ததக் கழட்டிக் கொண்டந்து போட்டவர். மற்றதும் கனநாளைக்கு நிக்காதாம். உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு நான்தான் சொன்னன்.”

ஏன் என்று கேட்டான்.

“இந்தா, இப்பிடி முகத்த வெச்சிருப்பீங்க எண்டுதான்.”

அவள் எழுந்து போய்விட்டாள். முகத்தை எப்படி வைத்திருக்கிறேன்? திரையின் ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்தது அவன் முகம், அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. தன் பெட்டியிலிருந்து கழற்றினாரா, அப்படியென்றால் அவருடைய கணினி இப்போது அரை ஞாபகத்தோடு இழுபட்டுக்கொண்டிருக்கிறதா, ஆறு மாதமாகவா, அதைப்பற்றி ஒரு சொல்… இல்லை, இதில் ஏதோ இருக்கிறது, ஒன்றையும் எதிர்பாராமல் யார் தருவார், அந்த முக்காலிக்காக இருக்குமோ, தன் கைக்குக் கீழே இருத்துவதற்காக? அப்படியென்றால் கழிவைத்தானே செருகியிருக்கவேண்டும், இந்தப் பரீட்சையில் நான் விழுந்தால்தானே அவருக்கு… சரி, செத்துப்போன அந்தத் தகடு எங்கே, அதை ஏன் திருப்பித் தரவில்லை, உண்மையிலேயே செத்ததா என்று யார் கண்டது? கேள்வி வந்துகொண்டே இருந்தது, ஒன்று அடைபட்டால் இன்னொன்று. கோகுலராஜ் எடுத்தார் என்று நினைத்தபோது கோபம் வந்தது, தந்தார் என்று தெரிந்தபோது அதைவிடக் கூடுதலாக வருகிறதே, இது என்ன கோபம்? எடுத்தவனை மன்னித்துவிடலாம், நல்ல பெயரும் கிடைக்கும், தந்தவனை என்ன செய்வது?

மூன்றாவது சுற்றும் முடிந்தது. இரண்டையும் மூன்றையும் ஒப்பிடுகிறேன் என்று ஒரு வரி வந்து நின்றது. பன்னிரண்டரை, மாலை ஐந்துக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது, வந்துவிட்டால் வேலை கிடைத்த மாதிரித்தான், தக்சிகா எத்தனை கோயிலுக்கு நேர்ந்து வைத்திருக்கிறாளோ, அவனும் கையிரண்டையும் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திரையையே பார்த்திருந்தான், உதடு அசைந்துகொண்டிருந்தது. எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது இந்த உதடு? கொஞ்சம் நின்று கேட்டான். விழு, விழு, விழு என்று சொல்லிக்கொண்டிருந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மனுஷன் கள்ளனாக இருந்தால் போதும், அதுவா எனக்கு வேண்டும், அதுவா? திரையில் அடுத்த வரி வந்தது, ஒப்பீடு சரி, ஒரு வித்தியாசமும் இல்லை.

வேலிக் கடப்படியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாமி மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினாள். தக்சிகா அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள், கை ஈரம், அதைச் சட்டையில் துடைத்தபடி கேட்டாள்.

“சரிவந்திட்டா?”

“இன்னும் இல்ல,” என்றான் நிதுர்ஷன்.

ஏன் அப்படிச் சொன்னான், வரி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஏன் சொன்னான்… தக்சிகா ஓமென்று தலையை ஆட்டினாள், வரும், பாத்திட்டு வாங்க, அண்ணன் பசியோட வந்திரிக்கார் என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்குப் போனாள். ஒரு தடவைதான் கேட்டாள். திருப்பிக் கேட்கவில்லை.